முரண்பாடு, வேறுபாடு, மாறுபாடு, பிணக்கு: இவற்றைக் குழப்பாமல் பழகுவது எப்படி?

அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே மற்ற மூன்றையும் பொருளாகப் போட்டிருப்பதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வுக்குப் படிப்பவராக இருக்கலாம், மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்கியவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பட்டியலில் இவை ஒன்றுபோலத்தான் தெரியும். வாக்கியத்தில் விட்டுப் பார்த்தால்தான் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது என்பது புரியும்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முன்பு ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தும் வேலை. ஒரு விபத்துச் செய்தி வந்தது. நேரில் பார்த்த இருவரில் ஒருவர் வண்டியில் இரண்டு பேர் இருந்ததாகச் சொல்லியிருந்தார். மற்றவர் ஓட்டியவரைப் பற்றி மட்டும் பேசியிருந்தார். செய்தியின் தலைப்பில் 'முரண்பட்ட சாட்சியம்' என்று இருந்தது. 'முரண்பட்ட' என்பதை அடித்துவிட்டு 'வேறுபட்ட' என்று எழுதினேன். உதவி ஆசிரியர் நேரே என் மேசைக்கு வந்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? முரண்னு போட்டா தலைப்பு நல்லா எடுப்பா இருக்கு."

"ரெண்டு பேர் சொன்னதும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டேன்.

யோசித்தார். முடியும். ஒருவர் பார்த்ததை மற்றவர் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். முரண் என்று அச்சாகியிருந்தால் உதவப் போன இருவரில் ஒருவர் பொய்யர் என்று ஊரே பேசியிருக்கும். சில நாள் கழித்து அதே விபத்தில் வண்டியின் சொந்தக்காரர் பேசினார். முதலில், "நான்தான் கொடுத்து அனுப்பினேன்" என்றார். அப்புறம், "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றார். இந்த முறை 'முரண்' என்ற சொல்லை நானே எழுதிக் கொடுத்தேன். அதிலும் இது முன்னுக்குப் பின் முரண். இந்தத் தொடரை ஒரே வாய் இரண்டு விதமாகப் பேசும்போதுதான் சொல்வோம். இரண்டு தனித்தனி ஆட்களுக்கு இது வராது.

அப்படியானால் திருக்குறளில் "வினைவேறு சொல்வேறு பட்டார்" என்று வருகிறதே, அங்கே சொல்லும் செயலும் முரண்படுவதைத்தானே வள்ளுவர் 'வேறு' என்கிறார் என்று யாராவது கிளம்பலாம். 819ஆம் குறள், எனக்கும் தெரியும். நான் சொல்வது இன்றைய உரைநடை வழக்கு. செய்யுளுக்குச் சட்டம் போட நான் வரவில்லை. பழைய இலக்கணக்காரர்களும் இதையெல்லாம் பிரித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்றாக 'மாறுகொளக் கூறல்' என்பதை நன்னூல் வைக்கிறது. முன்னே சொன்னதற்குப் பின்னே மாறாகச் சொல்வதுதான் அது. அதே நன்னூல் 'மறுத்தல்' என்பதைக் குற்றத்தில் சேர்க்கவில்லை. நூலாசிரியன் கொள்ளத்தக்க ஏழு மதங்களில், அதாவது கொள்கைகளில், ஒன்றாக, உடன்படலுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறது. அடுத்தவர் கருத்தை மறுக்கலாம், தன் பேச்சையே தான் மறுக்கக்கூடாது.

சொல்லைவிட அதற்கு முன்னால் வரும் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். அதிலிருந்து வேறுபடுகிறது. அதனோடு முரண்படுகிறது. அதற்கு மாறாக இருக்கிறது. உருபோடு சேர்த்துப் பழகினால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒரு உதாரணம் பாருங்கள். 'திருமணத்துக்கு மறுத்தார்' என்றால் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ சம்மதமில்லை. 'திருமணத்தை எதிர்த்தார்' என்றால் அநேகமாகப் பெண்ணின் அப்பா. 'திருமணத்தை மறுத்தார்' என்றால் ரகசியத் திருமணம் என்று செய்தி வந்த மறுநாள் அறிக்கை விடும் நடிகர்.

பிணக்கு வேறு சாதி. அது ஆட்களுக்குள், அதிலும் ஏற்கெனவே ஒட்டி உறவாடியவர்களுக்குள் வருவது. இரண்டு புள்ளிவிவரங்களுக்கு இடையே பிணக்கு வராது. முன்பின் தெரியாதவரோடு பேருந்தில் நடப்பது தகராறு. மனத்தாங்கலில் சண்டையே இருக்காது, பேச்சுக் குறைந்திருக்கும். பூசல் கட்சிக்குள் நடக்கும், வெளியே கேட்கும். 'கருத்து வேறுபாடு' என்பதை இப்போது எல்லாவற்றுக்கும் மூடிபோலப் போட்டுவிடுகிறார்கள். கட்சியை விட்டுப் போகிறவரும் அதையே சொல்கிறார், விவாகரத்து வாங்குகிறவரும் அதையே சொல்கிறார்.

பேச்சு வழக்கை மட்டம் என்று ஒதுக்காதீர்கள். "கணக்கு எங்கேயோ இடிக்குதே" என்பதில் இருக்கும் நுட்பம் 'முரண்பாடு' என்பதில் இல்லை. முரண் என்றால் எது எதோடு என்று காட்டியாக வேண்டும். இடிக்கிறது என்று சொல்ல அது தேவையில்லை, சந்தேகம் வந்தால் போதும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துத் திருத்தும் வேலைக்கு என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். அட்டை வரைந்தவர், அச்சடித்தவர், பக்கம் வடிவமைத்தவர் என எல்லார் பெயரும் பல புத்தகங்களில் இருக்கும். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பிழை ஒன்று தப்பி வந்துவிட்டால் மட்டும் ஆளைத் தேடுவார்கள். நான் திருத்திய ஒரு தொகுப்பின் முன்னுரையில் தேநீர் வாங்கித் தந்த நண்பருக்குக்கூட நன்றி இருந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். சரி, விடுங்கள்.

பழகுவதற்கு நான் சொல்வது இதுதான்: நாளிதழில் நீதிமன்றச் செய்திகளை வாசியுங்கள். குறுக்கு விசாரணை, மேல்முறையீடு, சாட்சியம் என்று இந்தச் சொற்கள் எல்லாம் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும். பிடித்த வாக்கியத்தை முழுதாக ஒரு நோட்டில் எழுதி, அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் சொல்லை எழுதாமல் வெறும் கோடு போட்டு விடுங்கள். ஒரு வாரம் கழித்து நிரப்பிப் பாருங்கள். இரண்டு சொற்கள் பொருந்துகிற மாதிரி இருந்தால் இரண்டையும் எழுதி, பொருள் எங்கே நகர்கிறது என்று பாருங்கள்.

மாறுபாட்டை விட்டுவிட்டேன். ஒரே பொருள் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் வேறாக இருந்தால் அது மாறுபடுகிறது. விலை மாறுபடும், உச்சரிப்பு மாறுபடும். 'கருத்து மாறுபாடு' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன், என் கையில் வந்தால் திருத்தவும் மாட்டேன்.