மாவுக்கட்டோடு வரும் குழந்தையைக் காப்பகத்தில் ஏற்க வேண்டுமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் என் வீட்டின் கீழ்த்தளத்தில் ஐந்து ஆண்டுகளாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இப்போது ஏழு குழந்தைகள் வருகிறார்கள். எனக்கு உதவியாக ஓர் அக்கா இருக்கிறார். இரண்டேகால் வயதுப் பையன் ஒருவன் விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போன இடத்தில் படியில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கட்டு நான்கு வாரம் இருக்க வேண்டுமாம். தாய்க்கு விடுப்பு தீர்ந்துவிட்டதால், கட்டுப் போட்ட ஐந்தாம் நாளான வரும் திங்கட்கிழமையே அழைத்து வருவதாகச் சொல்கிறார். தந்தைக்குப் பெங்களூரில் வேலை. மூன்று மாதக் கட்டணம் முன்பணமாகக் கொடுத்திருப்பதால் நான் மறுக்க முடியாது என்றும், மறுத்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவதாகவும் தந்தை தொலைபேசியில் சொன்னார். அதே மூச்சில், எது நடந்தாலும் என்னைப் பொறுப்பாக்க மாட்டோம் என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் தருவதாகவும் சொல்கிறார். வலி மருந்தையும் நான்தான் வேளைக்கு ஊட்ட வேண்டுமாம். குழந்தை என்னிடம் மிகவும் ஒட்டுதலாக இருப்பவன். விட்டுவிடவும் மனம் வரவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குள் நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. தந்தையின் மிரட்டலுக்கான பதில் எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கட்டணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஓர் ஒப்பந்தம்தான். ஆனால், ஒருவருடைய தனிப்பட்ட திறமையையும் கவனிப்பையும் சார்ந்த ஒப்பந்தத்தையும், நீதிமன்றம் நாள்தோறும் மேற்பார்வையிட முடியாத தொடர்கடமையைக் கொண்ட ஒப்பந்தத்தையும் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கட்டளையிட முடியாது என 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே இந்தக் குழந்தையை நீங்கள் ஏற்றே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. நீங்கள் ஒப்புக்கொண்டது ஓடியாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. தூக்கிச் சுமந்து, கட்டு நனையாமல் காத்து, வலி கவனிக்க வேண்டிய குழந்தைக்கான பராமரிப்பு வேறு வகையானது. மறுப்பதானால், வராத நாட்களுக்குரிய கட்டணத்தைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணத்தையும் வைத்துக்கொண்டு குழந்தையையும் ஏற்க மறுத்தால்தான் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சேவைக் குறைபாடு என்ற வாதத்துக்கு இடம் கொடுப்பீர்கள். (குழந்தைக்கு நீண்டகாலக் குறைபாடு ஒன்று இருந்து, அதற்காகவே நீங்கள் மறுத்திருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் நாம் பேச வேண்டியிருக்கும். நான்கு வாரத்தில் ஆறிவிடும் எலும்பு முறிவு அந்த வகையில் சேராது.)

மறுக்கும் உரிமை இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். ஏற்றால் என்ன ஆகும் என்பதை நீங்கள் கவலையோடு யோசிக்க வேண்டும். குழந்தைக்குக் காயம் இருப்பது தெரிந்தே நீங்கள் ஏற்கிறீர்கள். அந்த நொடியிலிருந்து உங்கள் கடமையின் அளவு கூடுகிறது. சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவான கவனத்தைக் கேட்பதில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்தது) 1950இல் தீர்ப்பளித்த பாரிஸ் எதிர் ஸ்டெப்னி நகராட்சி வழக்கை நாங்கள் சட்டக் கல்லூரியில் படித்தோம். ஒரு கண்ணில் பார்வை இல்லாத தொழிலாளி ஒருவர் வாகனப் பணிமனையில் துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டியபோது, இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து அவருடைய நல்ல கண்ணையும் பறித்துவிட்டது. மற்ற தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பது வழக்கமாக இல்லாதிருந்தாலும், அவருக்கு ஒரு கண்தான் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்ததால் அவருக்காவது கொடுத்திருக்க வேண்டும் என்று சபை சொன்னது. அயல்நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் தர்க்கம் இங்கும் எடுபடும். மற்ற ஆறு குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும் அதே கூடத்தில் இவனையும் உட்கார வைத்து, ஒரு குழந்தை அவன் கால்மேல் விழுந்தால், 'எல்லாக் குழந்தைகளையும் ஒன்றுபோலத்தான் பார்த்தேன்' என்பது உங்களுக்குத் தற்காப்பு ஆகாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே உங்கள் தவறாகக் காட்டுவார்.

நம் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. 1995இல் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், எம்.எஸ்.கிரேவால் எதிர் தீப்சந்த் சூட் என்ற 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கவனத்தின் அளவு சூழ்நிலைக்குச் சூழ்நிலை மாறும் என்று கூறி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி பொறுப்பாக்கப்பட்டது. உங்களிடம் உதவிக்கு இருக்கும் அக்காவின் தவறுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். வீட்டில் நடத்துவது, பெயர்ப்பலகை இல்லாதது, கட்டணம் குறைவு என்பவையெல்லாம் இந்தக் கடமையைக் குறைப்பதில்லை.

இனி அந்த 20 ரூபாய்ப் பத்திரம். அதை நம்பி ஒரு நாளும் குழந்தையை ஏற்காதீர்கள். காயம்பட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை குழந்தையுடையது. தந்தை தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், மகனுடைய உரிமையை எழுதிக் கொடுக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்கு 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் பொருந்துமானால், மைனரின் நலனுக்காகச் செயல்படும் அதிகாரம் உள்ள இயற்கைக் காப்பாளரே (அதாவது, சட்டம் தானாகவே காப்பாளராக ஏற்கும் பெற்றோரே) கூட மைனரைத் தனிப்பட்ட உறுதிமொழியால் கட்டுப்படுத்த முடியாது என்று அதன் 8ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கவனக்குறைவாக நடந்தாலும் கேள்வி கிடையாது என்ற உடன்பாடு பொதுக்கொள்கைக்கு முரணானது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவைக் காட்டியும் வாதிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. காலவரையறைச் சட்டத்தின் 6, 8ஆவது பிரிவுகளின்படி மைனர் வழக்குத் தொடுப்பதற்கான கால அளவு அவன் 18 வயது நிரம்பிய பிறகே ஓடத் தொடங்கி, அதிலிருந்து மூன்று ஆண்டு வரை நீளக்கூடும். அதாவது, இன்று உங்கள் மடியில் உட்காரும் பையன் 21 வயது வரை உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு வரம்பு. ஆனால் அங்கே குழந்தை, பெற்றோர் இருவருமே நுகர்வோர்தான் என்று ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் சொல்லியிருப்பதால் பெற்றோரும் தங்கள் மனவேதனைக்குத் தனியே இழப்பீடு கேட்கலாம்.

குற்றவியல் பக்கத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் பயத்தின் அடியில் அதுதான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். குழந்தை கீழே விழுந்ததாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் சட்டப்படியான செயலைச் செய்யும்போது நேரும் விபத்து குற்றமல்ல என்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 18ஆவது பிரிவு. மாறாக, பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் அளவுக்கு அசட்டையாக நடந்து கொடுங்காயம் விளைந்தால், 125ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும். அதற்கும் மேலே, குழந்தைகளைப் பராமரிக்கும் அமைப்பை நடத்துபவரோ அதில் பணிபுரிபவரோ குழந்தையை வேண்டுமென்றே அலட்சியப்படுத்தித் துன்பத்துக்கு உள்ளாக்கினால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. 'வேண்டுமென்றே' என்ற அந்தச் சொல்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. குழந்தை விடாமல் அழுதும், கால்விரல் நீலம் பாய்ந்தும், சாயங்காலம் தாய் வரட்டும் என்று காத்திருப்பவர்களிடம்தான் அந்தச் சொல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே என் ஆலோசனை இது. வரும் திங்கட்கிழமை ஏற்காதீர்கள். கட்டுப் போட்ட முதல் சில நாட்கள்தான் வீக்கம் கூடி, கட்டு இறுகி, இரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து அதிகமாக உள்ள காலம். முதல் மறுபரிசோதனை முடிந்து, பகல் நேரக் காப்பகத்தில் விடலாம் என்று மருத்துவர் எழுத்தில் தந்த பிறகு ஏற்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், அவனுக்கென்று ஒரு பெரியவரின் கண் எப்போதும் இருக்குமா என்பதை நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். ஏழு குழந்தைகளுக்கு இரண்டு பேர் என்ற நிலையில், ஒருவர் இவனைக் கழிவறைக்குத் தூக்கிச் செல்லும்போது மற்ற ஆறு பேரும் ஒருவர் பொறுப்பில் விடப்படுகிறார்கள். அந்த ஆறு பேரின் பெற்றோருக்கும் உங்களிடம் இதே உரிமைகள் உண்டு. நான்கு வாரத்துக்கு இன்னொருவரை வேலைக்கு வைக்க முடியுமானால், அதற்கான கூடுதல் செலவை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டு வாங்குவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. அது முடியாதென்றால் மறுத்துவிடுங்கள். தாய்க்கு விடுப்பு இல்லை என்பது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டிய கடன் அவருடைய நிறுவனத்துக்கும் கணவருக்கும் இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

ஏற்பதென்று முடிவெடுத்தால், பத்திரத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வாங்குங்கள். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எலும்பு எங்கே, எப்போது, எப்படி முறிந்தது, எந்த மருத்துவர் கட்டுப் போட்டார், அவர் சொன்ன எச்சரிக்கைகள் என்ன, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்கள் எவை, பெற்றோரைப் பிடிக்க முடியாவிட்டால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முதல் சிகிச்சைக்கு நீங்கள் சம்மதம் தரலாம் என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்துக்கொள்ளுங்கள். தந்தை ஊரில் இல்லையே என்று தயங்க வேண்டாம். தந்தை குழந்தையின் அன்றாடப் பராமரிப்பில் இல்லாத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தாலும், இந்தத் தந்தை பேசும் தோரணையைப் பார்த்தால், அவருடைய கையெழுத்தையும் வாங்கி வைப்பது நல்லது.

மருந்து விஷயத்தில் கறாராக இருங்கள். மருத்துவர் எழுதிய மருந்தை, எழுதிய அளவில், பெற்றோர் எழுத்தில் கேட்டுக்கொண்டபடி ஊட்டுவது மருத்துவத் தொழில் செய்வதாகாது. ஆனால் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் வெவ்வேறு வலிமைகளில் விற்கப்படுகிறது. 'ஒரு மூடி கொடுங்கள்' என்ற வாய்ச்சொல்லை நம்பினால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். பாட்டிலையும் மருந்துச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரத்தைத் தாயிடம் தினமும் காலையில் எழுதி வாங்கிய பிறகே அடுத்த வேளையைக் கொடுங்கள். நீங்களாக ஒரு சொட்டும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். உதவிக்கு இருக்கும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள்: அரிக்கிறது என்று கட்டுக்குள் குச்சி விடுவதும், எண்ணெய் தடவி நீவி விடுவதும் கூடவே கூடாது. பாசத்தில் செய்ததாகச் சொன்னாலும் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றே எழுதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலையில் தாய் எதிரிலேயே கால்விரல்களின் நிறம், வீக்கம், உடலில் வேறு கீறலோ கன்றலோ உண்டா என்பதைப் பார்த்து எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நேற்று இல்லாத காயம் இன்று வந்தால் அது எங்கே நேர்ந்தது என்ற சண்டைக்கு அந்த ஒரு வரி விடை சொல்லிவிடும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து நேரத்தோடு குறித்து வையுங்கள். விரல் சில்லிட்டாலும், நிறம் மாறினாலும், மருந்துக்கும் அடங்காமல் அழுதாலும், கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தாலும், காய்ச்சல் ஏறினாலும், உடனே தாயை அழையுங்கள். அவர் எடுக்காவிட்டால் 108ஐ அழையுங்கள். பெற்றோர் கையெழுத்து இல்லையே என்று தயங்காதீர்கள். சம்மதம் பெற இயலாத அவசர நிலையில் நோயாளியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. உயிர் காக்கும் அவசரச் சிகிச்சையைக் காவல்துறை நடைமுறைகளுக்காகத் தாமதிக்கக் கூடாது என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். அதற்கு அஞ்சி நடந்ததை மாற்றிச் சொல்லாதீர்கள். நோட்டுப் புத்தகமும் பதிவேடும் ஒன்றையே சொன்னால் உங்களுக்கு நான் வாதாட எளிதாக இருக்கும்.

இப்போதைக்குத் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். மறுபரிசோதனை வரை ஏற்க இயலாது, அந்த நாட்களுக்குரிய தொகை இவ்வளவு, அதை இந்தத் தேதிக்குள் திருப்பித் தருகிறேன், மருத்துவரின் எழுத்துச் சம்மதம் வந்ததும் மீண்டும் பேசலாம் என்று மரியாதையான நான்கு வரி போதும். தொலைபேசியில் அவர் பேசியதற்கு அதில் பதில் எதுவும் சொல்ல வேண்டாம்.