பருப்பு வேகாத தண்ணீருக்கு எந்தப் பூச்செடி?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்கு அணைக்கட்டுப் பக்கம் ஊர். 2 ஏக்கர் நிலக்கடலை, 2 கறவை மாடு, 4 ஆடு. வீடு கட்டி ஒரு வருஷம் ஆகிறது. வாசலில் கிழக்குப் பார்த்து 30 அடிக்கு 20 அடி இடம் இருக்கிறது. இந்தச் சித்திரையில் நர்சரியிலிருந்து ரோஜா, இட்லிப்பூ, செம்பருத்தி என்று பூத்திருந்ததாகப் பார்த்து வாங்கி வைத்தேன். ரோஜா அக்னி நட்சத்திரத்திலேயே போய்விட்டது. இட்லிப்பூ வெளுத்துப்போய் நிற்கிறது. செம்பருத்தி நுனியில் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. போர் தண்ணீர் உப்பு, பருப்புகூட வேகாது. தினமும் ஒரு குடம் பிரித்து ஊற்றுகிறேன். சாமிக்குப் பூ வேண்டும், ஒருமுறை வைத்தால் பல வருஷம் இருக்க வேண்டும். என் பெண் போனில் லாவண்டர், பம்பாஸ் புல் என்று காட்டுகிறாள். எதை வைக்கட்டும்?

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பருப்பு விஷயம்தான். நர்சரியில் எது பூத்திருக்கிறது என்று பார்த்துச் செடி வாங்கினால் நஷ்டம் உங்களுக்கு. வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்த்து வாங்கினால் செடி நிற்கும்.

முதலில் இட்லிப்பூவைக் கவனிப்போம். நுனி இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, வலை போட்டது போலத் தெரிந்து, நரம்புக்கு இடையில் எல்லாம் மஞ்சளாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. பருப்பை வேகவிடாத அதே சுண்ணாம்பு தண்ணீரிலும் மண்ணிலும் ஏறிப்போய், இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியாமல் செய்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். வீடு கட்டும்போது சிமெண்டுக் கலவை எந்த இடத்தில் போட்டார்கள்? பெரும்பாலும் வாசலில்தான் போடுவார்கள். நானும் புதுச் சுவர் ஓரமாக ஒரு வரிசை இட்லிப்பூ வைத்து, ஆறு மாதம் மாட்டெருவும் பிண்ணாக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் போகவே இல்லை. கடப்பாரையை இறக்கியபோது ஒரு சாண் ஆழத்தில் டங்கென்று சத்தம். தோசைக்கல் கனத்துக்குக் கலவை இறுகிப்போய்க் கிடந்தது. வேர் அதன்மேல் பாயாக மடங்கிப் படர்ந்திருந்தது. அதனால் நீங்களும் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். எடுத்த மண்ணில் ஒரு பிடி வைத்து எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ஜல்லி, கலவைக் கட்டி, செங்கல் தூள் எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து குழியை நிரப்புங்கள். குழிக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் போடலாம்.

தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி ஒரு லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குத் தூரமில்லை, அங்கே கேளுங்கள். கடலைக்குப் பாயும் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுபோனால் ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடியும்.

தினமும் ஒரு குடம் ஊற்றுவதை நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் உப்புத் தண்ணீர் மேல்மண்ணிலேயே காய்ந்து, உப்பை வேர் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறது. மண்மேல் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அகலமாகப் பாத்தி கட்டி, நான்கு நாளுக்கு ஒருமுறை நன்றாக இறங்கும்படி விடுங்கள், உப்பு கீழே போகும். பாத்தியில் இரண்டு மூன்று அங்குலம் கடலைத் தோல் பரப்புங்கள். உங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமிருக்காது. மழைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து இட்லிப்பூவுக்கு மட்டுமாவது ஒதுக்குங்கள்.

இனி எதை வைப்பது என்று பார்ப்போம்.

வெயில் முழுசாக விழும் தெருப்பக்கம் ஆவாரை. இதை யாரும் வீட்டில் வைக்க நினைப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. உப்புத் தண்ணீரும் கோடையும் அதை ஒன்றும் செய்யாது, மாடு மேயாது, பொங்கலுக்கு நாம் தேடிப்போகும் பூ வாசலிலேயே கிடைக்கும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். விதையை ஒரு இரவு ஊறவைத்து நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். அதன் பக்கத்தில் 6 அடி விட்டு ஒரு மயில்கொன்றை. காகிதப்பூ வைக்க ஆசையிருந்தால் ஆட்டுக்கு எட்டாமல் வையுங்கள். அதற்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ, கூட்டினால் இலைதான்.

சாமிக்கு நந்தியாவட்டை. அரை நிழலிலும் பூக்கும், வருஷம் முழுக்கப் பறிக்கலாம். ஒரு நாள் காலையில் கிளை மொட்டையாக இருந்தால் அடியில் தேடுங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண் போட்டிருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், கடிக்காது. ஒன்றிரண்டுதான் இருக்கும், கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம். திண்ணை ஓரத்துக்கு டிசம்பர் பூ. குச்சி ஒடித்து வைத்தாலே வேர் விடும். மார்கழியில் பூத்து முடிந்ததும் தையில் பாதிக்கு வெட்டிவிடுங்கள். முன்வரிசைக்கு நித்தியகல்யாணி. அதைப் பற்றி விளக்கவே வேண்டாம்.

அரளி வேண்டாம் என்பேன். இந்தத் தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான செடி குறைவு, பூவும் சாமிக்கு உகந்தது. ஆனால் மாடும் ஆடும் இருக்கிற வீடு. அரளி இலை காய்ந்தாலும் விஷம். வெட்டிப்போட்ட கிளை ஒருநாள் தீவனத்தோடு கலந்துவிட்டால் மாட்டை இழக்க நேரும். நர்சரியில் கலர் கலராக விற்கும் உன்னிச்செடியும் மாட்டுக்கு ஆகாது. அது நம் மலைச்சரிவுகளை எப்படி வளைத்துக்கொண்டிருக்கிறது என்று ஜவ்வாது மலைக்குப் போனால் பார்க்கலாம்.

உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள். லாவண்டருக்கு வெயில் பிடிக்கும், ஆனால் நம்முடைய புழுக்கமான இரவும் ஐப்பசி மழை ஈரமும் ஆகாது, வேர் அழுகிவிடும். பம்பாஸ் புல் தென் அமெரிக்கச் சமவெளியின் புல். இலை ஓரம் கையை அறுக்கும். அவள் ஆசைப்படும் அந்த வெள்ளைக் கதிரழகு புரட்டாசியில் பாலாற்று மணலில் நாணல் பூக்கும்போது கண்முன்னால் இருக்கிறது, கூட்டிப்போய்க் காட்டுங்கள். நாணலையும் வீட்டில் வைக்காதீர்கள், அடித்தண்டு ஓடிக் கடலைக் கொல்லைக்குள் போய்விடும். அவளுக்காகக் குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வெட்டிவேர் நட்டுக்கொடுங்கள். உப்பைத் தாங்கும், தூர் பெருக்குமே தவிர ஓடிப் பரவாது. ஊதாவாகக் கதிர் விடும். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு அடிக்கு வெட்டிவிட்டால் புதிதாகத் தழையும். புல்தரை போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் போர் தாங்காது.

ஆடி கடைசியில் மழை பார்த்து நடுங்கள். சித்திரை நடவு இனி வேண்டவே வேண்டாம். ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து வரும் செடிகள் களிமண் உருண்டையில் இருக்கும். பையைக் கிழித்து அப்படியே புதைத்தால் உருண்டை கல்லாகி வேர் உள்ளேயே சுற்றும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, ஓரத்து மண்ணை விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள்.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலில் கலக்கி மாலையில் தெளியுங்கள், வாரம் கழித்து மறுமுறை. செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சியைக் காவல் காப்பது அதுதான், புற்றைக் கண்டுபிடிக்காமல் பூச்சி போகாது.

இட்லிப்பூவைப் பிடுங்கிப் போட மனசு வராது, முருகனுக்கு உகந்த வெட்சி அல்லவா. நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு கிடைக்கும். மழைத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். 15 நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை. தரையில் பட்டால் துருக்கறை பிடிக்கும், பார்த்துச் செய்யுங்கள். பழைய இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், புதுத் தளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள். மூன்று தெளிப்புக்கும் மஞ்சளாகவே வந்தால் செடியை மண்ணோடு எடுத்து, செம்மண் நிரப்பிய பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.