பாக்கி 3 ரூபாய் 75 பைசா

கேள்வி: 200 வருஷத்துக்கு முந்தைய பழைய கணக்கைக் கிளறிக்கொண்டு கரீபியன் நாடுகள் பிரிட்டனிடம் நஷ்டஈடு கேட்கின்றனவே? அடிமை முறையை ஒழித்ததே பிரிட்டன்தானே?
— வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: வத்தல், பருப்பு, எண்ணெய்க்கெல்லாம் ஊருக்கே விலை சொல்லும் விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு ‘பழைய கணக்கு’ என்று எழுதுகிறீர்களே, துணிச்சல்தான். உங்கள் ஊரில் கணக்கு உண்டு. பழைய கணக்கு என்று ஒன்று உண்டா என்ன?

நான் வளர்ந்த தெருவில் ஒரு மளிகைக் கடை. கடை அண்ணாச்சி உங்கள் பக்கத்துக்காரர்தான். கல்லாவுக்கு மேலே ஆணியில், நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு ஒன்று சணலில் தொங்கும். நான் படிப்பு முடிந்து ஊரை விட்டுப் போய், வேலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆகி, பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “வாங்க தம்பி, சௌக்கியமா?” என்றார். “அப்பா தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன். தங்கமான மனுஷன்” என்றார். நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “சீனி அரைக் கிலோ, 3 ரூபா 75 பைசா நிக்குது” என்றார். கொடுத்தேன். என் கண் முன்னாலேயே நோட்டை எடுத்து அப்பா பெயரைக் கோடு போட்டு அடித்தார். வட்டி கேட்கவில்லை. அந்த விஷயத்தில் இன்றைய வங்கிகளைவிட மேல்.

அப்பேர்ப்பட்ட அண்ணாச்சியையும் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். நீங்கள் கேட்கிற நஷ்டஈட்டை அவர்கள் எப்போதோ கொடுத்தாகிவிட்டது, சார். (‘நஷ்டஈடு’ என்று எழுதினால் எங்கள் பிழைதிருத்துநர் ‘இழப்பீடு’ என்று மாற்றிவிடுவார். இது பதினோரு வருஷச் சண்டை. இந்த முறை கை வைக்கக் கூடாது என்று பக்க ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.) மொத்தம் 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஒரு வருஷச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோதே அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டவர்கள் அடிமைகளின் சொந்தக்காரர்கள். அடிமையாக இருந்தவருக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. ‘என் சொத்து போயிற்று’ என்று விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 46,000 பேர். பாதிரியார்களும் விதவைகளும்கூட அதில் இருந்தார்கள். விடுதலையானவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

கணக்கு எழுதிய அழகைப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு படிவம். வயல் வேலைக்காரர் இத்தனை பேர், மட்டமான வயல் வேலைக்காரர் இத்தனை பேர், கைத்தொழில்காரர், வீட்டு வேலைக்காரர், ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகள், கடைசியாக ‘வயதானவர், நோயாளி, மற்றபடி பயன்படாதவர்’ என்று ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை. பயன்படாதவருக்கும் ஒரு விலை போட்டு முதலாளி வாங்கிக்கொண்டார். நம் அண்ணாச்சி சாக்கில் ஓட்டை விழுந்த பருப்பைக்கூட இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரித்ததில்லை. இந்தப் பேரேடுகளை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பெயரைத் தட்டினால், யாருடைய தாத்தாவுக்குத் தாத்தா எவ்வளவு வாங்கினார் என்று வந்து நிற்கும். அங்கே பல பெரிய குடும்பங்களுக்கு அதற்கப்புறம் தூக்கம் கொஞ்சம் குறைவு.

அடிமைகளுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று நான் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. ‘தொழில் பழகுநர்’ என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதாவது, 1834 ஆகஸ்ட் 1-இல் விடுதலை. ஆனால் வயல் வேலைக்காரர்கள் இன்னும் ஆறு வருஷம் பழைய முதலாளிக்கே வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்கு அதில் பழக என்ன மிச்சம் இருந்ததோ தெரியாது. டிரினிடாடில் அன்றைக்கே கூட்டமாக ஆளுநர் மாளிகைக்குப் போய், “ஆறு வருஷம் ஆகாது” என்று பிரெஞ்சில் கத்தினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். கடைசியில் 1838-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டி வந்தது.

பழைய கணக்குக்கு வருகிறேன். அந்த 2 கோடியில் ஒன்றரைக் கோடி பவுண்டை அரசு கடன் வாங்கியது. லண்டன் வங்கி முதலாளி ரோத்ஸ்சைல்டு திரட்டிக் கொடுத்தார். அந்தக் கடன் வேறு கடன்களோடு கலந்து, பேர் மாறி, உருண்டு உருண்டு எப்போது தீர்ந்தது தெரியுமா? 2015-இல். உங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு. இதை 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சகமே ட்விட்டரில் பெருமையாகப் போட்டது: உங்களில் லட்சக்கணக்கானவர்கள் வரி கட்டி அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவியிருக்கிறீர்கள், இது ஒரு சுவாரசியத் தகவல் என்று. சுவாரசியம் தாங்க முடியாமல் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். பதிவை எடுத்துவிட்டார்கள். ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்றால், 1948-க்குப் பிறகு ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் கப்பலேறி வந்து, லண்டனில் பஸ் ஓட்டி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து வரி கட்டியவர்கள், தங்கள் பாட்டன் பூட்டனை வைத்திருந்த முதலாளிக்குக் கொடுத்த நஷ்டஈட்டைத் தாங்களே அடைத்திருக்கிறார்கள். அவர்கள் மட்டுமா? ஈஸ்ட்ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் யாழ்ப்பாணத்து அண்ணரும் 2015 வரை இந்தப் பாக்கியில் பங்கு கட்டியிருக்கிறார். அவர் கடையிலும் ஒரு நோட்டு இருக்கும். அதில் இது இருக்காது.

அதே 2015-இல் பிரதமர் டேவிட் கேமரூன் ஜமைக்கா போய், நடந்ததை விட்டு மேலே போவோம் என்று பேசினார். வெறுங்கையோடு போகவில்லை. சிறைச்சாலை கட்ட 2.5 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னார். பிரிட்டனில் தண்டனை பெற்ற ஜமைக்காக்காரர்களைத் திருப்பி அனுப்பி வைக்க வசதியாக இருக்குமாம். கல்யாண வீட்டுக்குப் பாடை மூங்கில் மொய் வைத்தது போல.

சரி, ‘ஒழித்ததே பிரிட்டன்தானே?’ ஒழித்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் 30 லட்சத்துக்கும் மேல் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றியதும் அவர்களேதான். 1807-இல் வியாபாரத்தை நிறுத்தினார்கள். அடிமைகளை வைத்திருப்பதை நிறுத்த இன்னும் 26 வருஷம் ஆயிற்று. எனக்குப் பிடித்தவர்கள், 1791 வாக்கில் வெஸ்ட் இண்டீஸ் சீனியை வீட்டுக்குள் விட மாட்டோம் என்று நிறுத்திய சாதாரண ஜனங்கள், முக்கியமாகப் பெண்கள். பின்னாளில் அந்த வீடுகளுக்கென்றே சீனிக் கிண்ணங்கள் வந்தன: ‘கிழக்கிந்தியச் சீனி, அடிமைகள் செய்யாதது’ என்று எழுதியிருக்கும். ஆறு குடும்பங்கள் மாறினால் ஓர் அடிமை குறைவு என்று கணக்கும் போட்டிருக்கும். பார்த்தீர்களா, நல்லவர்களும் கணக்கோடுதான். அதே மூச்சில் ஜமைக்காவின் சாமுவேல் ஷார்ப்பையும் சொல்ல வேண்டும். அவரும் அடிமை. 1831 கிறிஸ்துமஸில் அவர் தூண்டிய வேலைநிறுத்தம் கலகமாகி, 60,000 பேர் வரை இறங்கினார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்று அடக்கினார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருஷம் சட்டம் வந்தது. ‘ஒழித்த’வர் பட்டியலில் அவர் பெயரை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாதம் தவறாமல் ‘வெள்ளைக்காரன் ரயில் விட்டான்’ என்று கார்டு போடும் நம் ஓய்வுபெற்ற வாசகருக்கும் இதில் ஒரு வரி: மேற்படி நஷ்டஈட்டுப் பணத்தில் ஒரு பங்கு இங்கிலாந்தின் ரயில் கம்பெனிகளுக்குத்தான் முதலீடாகப் போயிற்று. அடுத்த கார்டில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு பேரேட்டுப் பெயர்: லிவர்பூல் வியாபாரி ஜான் கிளாட்ஸ்டன். நான்கு முறை பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. 2,508 பேருக்காக 1,06,769 பவுண்டு வாங்கினார். தன் தோட்டங்களை ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. 1823-இல் கயானா பக்கம் டெமராராவில், அவருடைய ‘சக்சஸ்’ தோட்டத்திலேயே கலகம் வெடித்தது. முன்னால் நின்ற அடிமையின் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். முதலாளி பெயரையே போட்டிருந்தார்கள். ஜாக்கின் அப்பா குவாமினாவைச் சுட்டு, பிணத்தை அதே தோட்டத்து வாசலில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, பிரதமராகப் போகிற மகன் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசிய முதல் பெரிய பேச்சே அப்பாவின் தோட்டத்துக்கு வக்காலத்து.

அடிமைகள் கையை விட்டுப் போகப்போகிறார்கள் என்றதும் பெரியவர் 1836 ஜனவரியில் கல்கத்தா கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார்: ஆள் கிடைக்குமா? (அர்பத்நாட் என்றதும் 1906-இல் சென்னையில் திவாலான அர்பத்நாட் ஞாபகம் வந்து தாத்தாவின் டெபாசிட் ரசீதைத் தேடாதீர்கள். அது வேறு கம்பெனி.) 1838 மே மாதம் ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற இரண்டு கப்பல்களில் முதல் இந்தியக் கூலிகள் கயானாவில் இறங்கினார்கள். பின்னாளில் சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று. இன்றைக்கும் அங்கே ‘மதராஸி’ கோயில்களில் தப்பு அடித்து மாரியம்மாவுக்கும் மதுரை வீரனுக்கும் கொடை நடக்கிறது. மதுரை வீரன் அங்கே ‘மத்ராவீரன்’. தமிழ் போய்விட்டது, சாமி போகவில்லை. இதைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி அனுப்பினால் மூன்று பக்கம் எழுதத் தயாராக இருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சத்தார் சிலர் கயானா போய் மன்னிப்புக் கேட்டார்கள். பிரிட்டிஷ் அரசு இன்னும் அந்த வார்த்தைக்கு வரவில்லை. கரீபியன் நாடுகள் 2014-இல் வைத்த பத்து அம்சக் கோரிக்கையில் முதலாவதே அதுதான், முறையான மன்னிப்பு. பணம் பின்னால் வருகிறது. அண்ணாச்சி செய்ததும் அதுதானே? முதலில் அப்பாவை விசாரித்தார்; அப்புறம்தான் சீனி.

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய ‘நஷ்டஈடு’களில் எத்தனை தப்பிப் பிழைத்தன என்று அச்சாகி வந்த பிறகுதான் எனக்கும் தெரியும்.