'பாத்யத இல்ல' என்று எழுதியிருக்கிறதே, வாங்கலாமா?

பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு பார்த்திருக்கிறோம். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் வாங்கிய சான்றிதழ் மலையாளத்தில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'பாத்யத இல்ல' என்று போட்டிருப்பதாகச் சொல்கிறார். விற்பவருக்குப் பாத்தியதையே இல்லை என்றால் எப்படி வாங்குவது? புரோக்கரோ அட்வான்ஸ் போடச் சொல்லி அவசரப்படுத்துகிறார்."

முதலில் பயத்தை விடுங்கள். தமிழில் பாத்தியதை என்றால் உரிமை. மலையாளத்தில் பாத்யத என்றால் கடன், பொறுப்பு, வில்லங்கம். உங்கள் கையில் இருப்பது நம்மூர் ஈசி, அதாவது வில்லங்கச் சான்றிதழ்தான். அங்கே அதற்குப் பாத்யதா சர்ட்டிபிகேட் என்று பெயர், குடிக்கட சர்ட்டிபிகேட் என்றும் சொல்வார்கள். பாத்யத இல்லை என்றால் வில்லங்கம் இல்லை. அது உங்களுக்கு நல்ல செய்தி.

"எனக்குப் பாத்தியப்பட்ட", "சர்வ சுதந்திர பாத்தியதையுடன்" என்று நம் பத்திரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல். தடுப்பது, நெருக்குவது என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. நாம் தினமும் சொல்லும் 'பாதிப்பு'கூட அந்த வேர்தான். இந்தியில் பாத்யதா என்றால் கட்டாயம். தெலுங்கில் பொறுப்பு. கன்னடத்தில் 'ஹக்கு பாத்யதே' என்று உரிமையோடு ஜோடி சேர்ந்துவிட்டது. கர்நாடக சட்டமன்றத்தின் உரிமைக் குழுவே 'ஹக்கு பாத்யதா சமிதி'தான். இருவரைப் பிணைக்கும் ஒரு பந்தத்தில் ஒருவர் உரிமை கேட்கிற இடத்திலும் மற்றவர் கொடுக்கிற இடத்திலும் இருப்பார் இல்லையா? தமிழ் கேட்பவர் பக்கம் போனது, மலையாளம் கொடுப்பவர் பக்கம். உங்களுக்கு இவ்வளவு போதும்.

உங்களுடையதாவது வீண் பயம். இதே குழப்பம் மறுபக்கம் திரும்பும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. சான்றிதழில் பாத்யத உண்டு என்று இருக்கும். புரோக்கர் அந்த வரியையே விரலால் தொட்டு, "பாருங்க சார், பாத்தியதை இருக்குன்னு கவர்மென்டே எழுதிக் கொடுத்திருக்கு" என்பார். கீழே பணயாதாரம் என்று ஒரு பதிவு இருந்தால், "ஆதாரமும் இருக்கு" என்பார். மலையாளத்தில் ஆதாரம் என்றால் பத்திரம். பணயாதாரம் அடமானப் பத்திரம்! அந்தக் கடன் தீர்ந்ததற்கு ஒழிமுறி, அதாவது விடுதலைப் பத்திரம், பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுத்தால் கடனையும் சேர்த்து வாங்கியதாகிவிடும்.

சித்தூர் பக்கம் தமிழ் கேட்காத கடைத்தெரு இல்லை. நம் ஆட்கள் அங்கே நிலம் வாங்குவதும் புதிதில்லை. அப்படியிருக்க, இந்த நாலைந்து சொற்களுக்குத் தமிழில் ஒரு தாள் அச்சடித்துச் சான்றிதழோடு கொடுக்க இரண்டு மாநிலத்துக்கும் தோன்றவில்லை. அந்தத் தாள் செய்ய வேண்டிய வேலையைப் புரோக்கர் கமிஷன் வாங்கிக்கொண்டு செய்கிறார். அவர் சொல்கிற மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். விற்பவருக்கு வேண்டாத, உங்களுக்கு வேண்டிய ஒரு மலையாள வக்கீலிடம் காட்டுங்கள்.

சரி, வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டதே, அட்வான்ஸ் போடலாமா? பொறுங்கள். அந்தச் சான்றிதழ் பதிவானதை மட்டும்தான் சொல்லும். அசல் பத்திரத்தை பாங்கில் ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. பத்திரத்தைக் கொடுத்தாலே அடமானம்தான், பதிவு கட்டாயமில்லை. பதிவாகாத அடமானம் உங்கள் சான்றிதழில் தெரியாது. 30 வருடத்துக்குப் போட்டு வாங்கினாலும் தெரியாது. பாத்யத இல்லை என்று முத்திரையோடு இருக்கும், பத்திரம் பாங்கில் கிடக்கும்.

அதனால் அசல் ஆதாரத்தையும், அதற்கு முந்தைய முன்னாதாரத்தையும் கேளுங்கள். காட்டுவது கலர் ஜெராக்ஸா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முத்திரை அழுத்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். "பத்திரம் பாங்கு லாக்கரில் பத்திரமாக இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் கூடவே போங்கள். அவர் லாக்கர் பக்கம் திரும்பாமல் லோன் அதிகாரியின் மேஜைக்குப் போனால், அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.