மொனிட்டர் இல்லாத ஒக்டபேட் வெறும் ரப்பர்

திருவிழாக் காலம் தொடங்கினால், குச்சியால் அடிக்கும் மின்னணு ட்ரம் பேடான ஒக்டபேட் வாசிப்பவர்களின் கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை நான்கு.

கோயில் மேடையில் முன்னால் நிற்கும் பெரிய பெட்டிகளின் சத்தமே எனக்குக் கேட்கிறது. ஆனால் நான் தாளத்தில் பிந்தி இழுப்பதாகப் பாட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு மட்டும் கேட்க ஒரு தனிப் பெட்டி, அதாவது மொனிட்டர், வேண்டுமா? (ஆரையம்பதி)

பாட்டுக்காரர் சொல்வது சரி. தோல் ட்ரம்ஸ் என்றால் குச்சி பட்ட இடத்திலேயே சத்தம் பிறக்கும், உங்கள் பேடில் பிறப்பது 'டொக் டொக்' மட்டும்தான், மிச்சம் எல்லாம் வயர் வழியாகப் போய் யாரோ ஒருவருடைய பெட்டியில் இருந்துதான் உங்களிடம் திரும்பி வருகிறது. ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செக்கன் எடுக்கும். மண்டபத்தில் 20 மீற்றர் தள்ளியிருக்கும் பின் சுவரில் பட்டு வந்தால் 120 மில்லி செக்கன் ஆகிவிடும், நிமிடத்துக்கு 120 அடி என்ற டெம்போவில் அது ஓர் அடி நேரத்தின் கால்வாசி. அதைக் கேட்டு வாசித்தால் யார்தான் இழுக்கமாட்டார்?

பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பாடகர் சபையைப் பார்த்து நிற்கிறார், அப்படியென்றால் அவருடைய மைக்கின் வாய் உங்களைத்தான் பார்க்கிறது. பின்னால் இருந்து அடிக்கும் பெட்டி நேரே அதற்குள் போகும். ஹை-ஹெட் (மிதித்து மூடும் சோடிச் சிம்பல்) பக்கமாக ஒரு மீற்றர் தள்ளி, குறுக்காக, உங்கள் காதைப் பார்த்துச் சரித்து வையுங்கள். மிக்சரில் பிறீ-ஃபேடர் ஓக்ஸ் கேளுங்கள், அதாவது வெளிச்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே பிரிந்து வரும் தனி லைன். இல்லாவிட்டால் சவுண்ட்ஸ்காரர் வெளியே ஃபேடரை இறக்கும்போதெல்லாம் உங்களுக்கும் இறங்கும்.

மொனிட்டரில் 'ஊம்' என்று இரைச்சல். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் நிற்கும் என்கிறார்களே? (கல்முனை)

நிற்கும், சில வேளை ஆளும் நின்றுவிடுவார். வேண்டாம் தம்பி. கல்லடியில் மழை விட்ட ஒரு இரவு, மைக் என் உதட்டில் சுள்ளென்று கடித்தது. பெட்டியின் பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் வயரை வெட்டி, இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்தார்கள். 230 வோல்ட்டோடு விளையாட்டில்லை.

உங்கள் இரைச்சல் பெரும்பாலும் மின் இணைப்பில் வரும் 50 ஹேர்ட்ஸ்தான். மிக்சர் ஒரு இடத்திலும் ஒக்டபேட் இன்னொரு இடத்திலும் கரண்ட் எடுக்கும்போது இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகும், அதில் வரும் இரைச்சல் இது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள். அப்புறம் பேடுக்குப் பக்கத்திலேயே ஒரு டிஐ பொக்ஸ் (பேடின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் விடுவிக்கும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும்.

மொனிட்டராக வைக்க கிற்றார் ஆம்ப் போதாதா? (திருக்கோவில்)

போதாது. 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அதன் ஸ்பீக்கர் விழுந்துவிடும், சிம்பல் ஈரத்துணி மாதிரி இருக்கும். பழையதானாலும் ஒரு 12 அங்குல அக்டிவ் பெட்டி (உள்ளேயே ஆம்ப் உள்ளது) வாங்குங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் கிக் பேடை அடிக்கும்போது ஸ்னேர் பேடும் தானாக ஒலிக்கிறது. (அக்கரைப்பற்று)

பேய் இல்லை. பேடுக்குள் இருக்கும் சென்சருக்குக் குச்சியும் அதிர்வும் ஒன்றுதான், பலகை மேடை என்றால் இன்னும் மோசம். பெட்டிக்குக் கீழே பழைய மெத்தைத் துண்டு ஒன்றைப் போடுங்கள், ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேடின் திரெஷோல்டை, அதாவது எவ்வளவு பலமான அடிக்கு ஒலிக்க வேண்டும் என்ற அளவை, ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் மெல்லிய அடிகள் காணாமல் போகும்.

அதைவிட, ஏன் இவ்வளவு சத்தம்? 100 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான், உங்கள் ஷோவோ விடியும்வரை. காதுக்குள் போடும் இயர்போன் ஒன்றை ஒத்திகையில் போட்டுப் பழகுங்கள், பிறகு மேடைக்கும் கொண்டுவரலாம்.