எந்த ஒரு மணி நேரத்துக்கு எல்லோரும் கூட வேண்டும்? பல்கலைக்கழகப் பாடம் நடத்துவது பற்றிக் கேள்வி பதில்

கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, எந்த மென்பொருள் நல்லது என்ற ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதுவே போதும். மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி: அடுத்த செமஸ்டரில் முதன்முறையாகப் புள்ளியியல் அறிமுகப் பாடம் எடுக்கப் போகிறேன். 15 வாரம் இருக்கிறது, பாடநூலில் 22 அத்தியாயம். வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். சரிதானே சார்?

பதில்: அத்தியாயங்களை வாரங்களால் வகுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நானும் செய்தேன். 11ஆவது வாரத்தில் மூச்சு வாங்கியது.

அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இறுதித் தேர்வின் கேள்வித்தாளை இன்றே எழுதிப் பாருங்கள். முழுதாக வேண்டாம், ஐந்தாறு கேள்விகள் போதும். உங்கள் பாடத்தை முடித்த மாணவர் எதைச் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும். "புரிந்துகொள்வார்", "அறிந்துகொள்வார்" என்றெல்லாம் நோக்கம் எழுதினால் அதை எப்படிச் சோதிப்பீர்கள்? "ஒரு தரவைப் பார்த்து எந்தச் சோதனை பொருந்தும் என்று முடிவெடுப்பார்" என்று எழுதுங்கள்.

ஜான் பிக்ஸ் என்ற கல்வியாளர் 1996இல் இதைத் தெளிவாக எழுதினார். நோக்கம், வகுப்பில் மாணவர் செய்யும் வேலை, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும் என்பது அவர் வாதம். நோக்கத்தில் "முடிவெடுப்பார்" என்று எழுதிவிட்டுத் தேர்வில் "சூத்திரத்தை எழுதுக" என்று கேட்டால், மாணவர் சூத்திரத்தைத்தான் மனப்பாடம் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்படிச் செய்தால் 22 அத்தியாயத்தில் ஆறேழு தானாக உதிர்ந்துவிடும். விட மனம் வராது, தெரியும். விடுங்கள். அப்புறம், ஒரு வாரத்தைக் காலியாகவே வைத்திருங்கள். எப்படியும் அது நிரம்பிவிடும்.

கேள்வி: எங்கள் துறையில் 40 சதவீதத்தை ஆன்லைனில் நடத்தலாம் என்று முடிவாகியிருக்கிறது. எந்த 40 என்று யாரும் சொல்லவில்லை. எப்படிப் பிரிப்பது?

பதில்: இன்று வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான் என்பேன்.

சதவீதத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு வகுப்பையும் எடுத்து ஒன்று கேளுங்கள்: இந்த வேலைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருப்பது அவசியமா? ஒரு வரையறையை விளக்குவதற்கு அவசியமில்லை. அதைப் பதிவு செய்து கொடுத்தால் மாணவர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். அந்த வரையறையைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தன் தவறைக் கண்டுபிடிப்பதற்கு, பக்கத்தில் இன்னொரு மாணவரோ ஆசிரியரோ வேண்டும். ஆய்வகத்தில் கருவியைக் கையால் பிடித்துப் பழகுவது, வரைவை வைத்துக்கொண்டு விவாதிப்பது, சிக்கலான கணக்கில் முதல் அடி எடுத்து வைப்பது ஆகியவையும் இதே வகைதான். கூடியிருக்கும் மணிகள்தான் நம்மிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்தவை. அவற்றைச் சொற்பொழிவுக்குச் செலவழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. நேரடி வகுப்பும் ஆன்லைனும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாறும் பாடங்கள் பல, பழைய வகுப்புகள் அப்படியே இருக்க, அவற்றின் தலைமேல் வீடியோ, குவிஸ், விவாதக் களம் என்று அடுக்கிவிடுகின்றன. மாணவருக்கு அது ஒன்றரைப் பாடம், ஆசிரியருக்கு இரண்டு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் முறை எதுவானாலும் இப்படி ஒரு மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

கேள்வி: ஆன்லைன் என்றாலே தரம் குறைவு என்கிறார் எங்கள் மூத்த பேராசிரியர். உண்மையா?

பதில்: அவர் 2020ஐ மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு பெருந்தொற்றின்போது நம்மில் பலர் செய்தது அவசரச் சிகிச்சை. திட்டமிட்ட ஆன்லைன் பாடத்தை அதை வைத்து எடை போட முடியாது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் கலப்பு முறை மாணவர்கள் நேரடி வகுப்பு மாணவர்களைவிடச் சற்று நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் கலப்பு வகுப்புகளில் பெரும்பாலும் கற்கும் நேரமும் கூடுதல், பாடப்பொருளும் கூடுதல் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆகவே பெருமையை ஆன்லைன் என்ற ஊடகத்துக்குக் கொடுக்க வேண்டாம், பழியையும்தான்.

கேள்வி: 50 நிமிட வகுப்புகளைப் பதிவேற்றினேன். யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டினால் சரியாகுமா?

பதில்: எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசி 2014இல் வந்த ஆய்வு ஒன்று, மாணவர் ஊன்றிப் பார்க்கும் நேரம் வீடியோவின் நீளம் எதுவானாலும் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. இது பார்த்த நேரத்தின் கணக்குதான், கற்றதன் கணக்கு அல்ல. அரங்கில் பேசியதைக் கத்தரியால் வெட்டினால் எட்டுத் துண்டு அரங்கப் பேச்சு கிடைக்கும், அவ்வளவே. ஒரு வீடியோவில் ஒரு கருத்து என்று புதிதாகப் பேசுங்கள், முடிவில் ஒரு கேள்வி வையுங்கள். அந்தக் கேள்விக்கான விடையிலிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள். பார்க்காமல் வந்தவர்களுக்காக அங்கே மறுபடியும் விளக்கினீர்களோ, தொலைந்தது: அடுத்த வாரம் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: ஸூமில் 60 கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுகிறேன். கேமராவைக் கட்டாயமாக்கலாமா மேடம்?

பதில்: (மேடம் இல்லை, சார். பரவாயில்லை.) வேண்டாம். பின்னால் வீடு தெரியும், இணைப்பு திணறும், சிலருக்குக் கூச்சம். முகம் தெரிந்தால் கவனிக்கிறார் என்றும் பொருளில்லை.

பதிலாக இதைச் செய்து பாருங்கள். ஒரு கேள்வி கேட்டு, எல்லோரையும் விடையைச் சாட்டில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். "நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று சொல்லி ஒரு நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒன்றாக அனுப்பச் சொன்னால் அறுபது விடைகளும் மளமளவென்று வந்து விழும். அடுத்தவர் விடையைப் பார்த்து எழுத வழியில்லை. காத்திருக்கும் அந்த நிமிடம் நமக்குத்தான் யுகமாகத் தெரியும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று 1970களிலேயே மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளில் அளந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தபோதே விடைகள் நீண்டன, பேசாத மாணவர்களும் பேசினார்கள்.

கேள்வி: அறையில் 30 பேர், திரையில் 20 பேர். ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். இருப்பதிலேயே கடினமான வடிவம் இதுதான். ஒருமுறை என் மைக் அணைந்திருப்பது தெரியாமல் 20 நிமிடம் பாடம் நடத்தினேன். சாட்டில் கதறியிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. தவிர்க்க முடியாதென்றால், சாட்டைக் கவனிக்க அறையில் ஒரு மாணவரை அமர்த்துங்கள், வாரம் ஒருவராக மாற்றுங்கள். அறையிலிருந்து வரும் ஒவ்வொரு கேள்வியையும் நீங்கள் மைக்கில் திரும்பச் சொல்லுங்கள். கேமராவைவிட ஒலிதான் முக்கியம்.

கேள்வி: குழு வேலை, விவாதம் என்று மாற்றினேன். "சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்" என்று கருத்துக் கணிப்பில் எழுதிவிட்டார்கள். பழைய முறைக்கே போய்விடலாமா?

பதில்: போகாதீர்கள். ஹார்வர்டில் அறிமுக இயற்பியல் வகுப்பில் நடத்தி 2019இல் வெளியான ஒரு சோதனை உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும். ஒரே பாடம், ஒரே குறிப்புகள். ஒரு பகுதியினர் தேர்ந்த சொற்பொழிவைக் கேட்டார்கள், மறுபகுதியினர் குழுவாகக் கணக்குப் போட்டார்கள். அடுத்த பாடத்துக்கு இடம் மாறிக்கொண்டார்கள். கணக்குப் போட்டபோது தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தடங்கலில்லாத பேச்சைக் கேட்டால் எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருக்கும், சொந்தமாகத் திணறினால் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும்.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு அலசலிலும் இதே திசைதான். சொற்பொழிவு மட்டுமே இருந்த வகுப்புகளில் தோல்வி ஏறத்தாழ 34 சதவீதம், மாணவர் செயல்பட்ட வகுப்புகளில் 22.

ஆனால் மாணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று முதல் நாளே சொன்னீர்களா? குழு வேலை முடிந்ததும் கடைசி எட்டுப் பத்து நிமிடம் எடுத்து, "இதுதான் விடை, பலர் சறுக்கிய இடம் இது" என்று முடிச்சுப் போட்டீர்களா? அதை விட்டுவிட்டால் அவர்கள் புகாரில் பாதி உண்மை.

கேள்வி: அசைன்மென்ட் எல்லாம் ஏஐ எழுதியதுபோல் இருக்கிறது. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா?

பதில்: தண்டனை கொடுக்கும் அளவுக்கு நம்ப முடியாது. சொந்தமாக எழுதியவரையும் மாட்டிவிடும். முதல் வரைவை வகுப்பிலேயே எழுத வையுங்கள். இறுதி வடிவம் வந்ததும் ஐந்து நிமிடம் எதிரில் உட்காரவைத்து, "இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். 200 பேர் என்றால் எல்லோரையும் கேட்க முடியாது. குலுக்கலில் 20 பேரைக் கூப்பிடுவதாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: வாராவாரம் குவிஸ் வைத்தால் பள்ளிக்கூடம்போல் ஆகிவிடாதா?

பதில்: ஆகட்டுமே. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மதிப்பெண்ணை மட்டும் மிகக் குறைவாக வையுங்கள். பத்துக் குவிஸ் வைத்து, மோசமான இரண்டைக் கழித்துவிடுங்கள். காய்ச்சல், இணைப்புக் கோளாறு என்று வரும் மின்னஞ்சல்களும் பெருமளவு குறையும்.

கேள்வி: கணிதத்துக்கு ஸ்லைடா, கரும்பலகையா?

பதில்: நிரூபணம் என்றால் பலகை, ஆன்லைனில் டேப்லட்டும் பேனாவும். எழுதும் வேகம்தான் யோசிக்கும் வேகம். படங்களுக்கும் வரைபடங்களுக்கும் ஸ்லைடு.