வாசகர் கேள்வி பதில்: மூட்டையைக் குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்

(வீட்டுச் சூடாக்கிகள் பற்றிய கேள்விகளுக்கு, ஜேர்மனியில் கொதிகலன் திருத்தும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற எமது பத்தியாளர் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரப் பெல்லெட் பற்றியவை; மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு குச்சி எரிபொருள் அது.)

கேள்வி: வாடகை வீட்டில் பெல்லெட் அடுப்பு பூட்டித் தந்திருக்கிறார்கள். கடையில் 15 கிலோ மூட்டைகளின் விலை ஒன்றுக்கொன்று இரண்டு யூரோ வரை வித்தியாசப்படுகிறது. எல்லாமே அழுத்திய மரத்தூள்தானே அண்ணா? கறுப்பாக இருப்பதை வாங்கக்கூடாது என்கிறாள் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண். உண்மையா? (வாசகி, ரெஜியோ எமிலியா)

தங்கச்சி, நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மரப்பட்டை கலந்தாலும் கறுக்கும், உலர்த்தும்போது சூடு கூடினாலும் கறுக்கும், பீச் போன்ற வன்மரமென்றாலும் கறுக்கும். பார்வைக்கு வெள்ளைவெளேரென்று இருந்த பெல்லெட்டில் மணல் கலந்திருந்து, தீக்கிண்ணத்தின் (பெல்லெட் விழுந்து எரியும் கிண்ணம்) அடியில் உருகிக் கட்டியாய் ஒட்டிக்கிடந்ததை நான் எத்தனையோ வீடுகளில் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

மூட்டையில் முதலில் பார்க்கவேண்டியது ‘என்பிளஸ் ஏ1’ (ENplus A1) என்ற தரச் சான்று முத்திரை. முத்திரை மட்டும் போதாது. அதனோடு இரண்டு எழுத்து நாட்டுக் குறியீடும் எண்ணும் அச்சிட்டிருக்கவேண்டும். எண் இல்லாத முத்திரையை எவரும் அச்சடிக்கலாம். எண் இருந்தால் அது யாருடையது என்று என்பிளஸ் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். ஏ1 என்றால் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டாது, சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டாது, கிலோவுக்குக் குறைந்தது 4.6 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். உங்கள் எமிலியா ரொமாஞ்ஞா உட்பட போ சமவெளியின் பிராந்தியங்களில் வீட்டு அடுப்புக்கு ஏ1 சான்றுள்ள பெல்லெட்தான் போடவேண்டும் என்று விதியே இருக்கிறது. வாங்கிய ரசீதையும் ஒரு வெற்று மூட்டையையும் எறியாமல் வைத்திருங்கள்.

அடுத்தது தூள். மூட்டையை நிமிர்த்தி, ஒரு மூலையை நிலத்தில் ஊன்றி, இரண்டு தரம் குலுக்குங்கள். தூள் அந்த மூலைக்கு இறங்கிவிடும். மூட்டைக்கு 0.5 சதவீதம் வரைதான் தூள் இருக்கலாம். 15 கிலோவில் அது 75 கிராம். சந்தேகமென்றால் ஒரு மூட்டையைச் சற்றுக் கண் பெரிய அரிதட்டில் அரித்து, விழுந்ததைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தூள் கூடினால் தீ மூச்சுத் திணறும், கண்ணாடி கறுக்கும், கிண்ணம் நிரம்பி வழியும். பிறகு நீங்கள் திருத்துநரைக் கூப்பிடுவீர்கள். மூட்டைக்கு இரண்டு யூரோவாக மிச்சம் பிடித்ததெல்லாம் அவர் காருக்கு எண்ணெய் அடிக்கப் போய்விடும்.

இன்னொன்று: ஒரு பெல்லெட்டைத் தண்ணீர்க் கோப்பையில் போடுங்கள். நன்றாக அழுத்தியது அடியில் போய்க் குந்தும், மிதக்காது. சில நிமிடங்களில் ஊதிப் பிரிந்து மரத்தூளாகிவிடும். பெல்லெட்டைப் பசைபோட்டு ஒட்டுவதில்லை. அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

ஒரு பலேட் (மூட்டைகளை அடுக்கிவைத்து விற்கும் மரத்தட்டு) முழுவதையும் வாங்குமுன் மூன்று நான்கு பெயர்களில் ஒவ்வொரு மூட்டை வாங்கி எரித்துப் பாருங்கள். ஒரே ஏ1 என்றாலும் உங்கள் அடுப்புக்கு ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது.

கேள்வி: கோடையிலேயே ஒரு பலேட் வாங்கிக் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே வைத்துவிட்டோம். மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது, மூட்டைகளும் பிளாஸ்டிக். குளிர்காலம் வரை தாங்கும்தானே? (வாசகர், ஸ்ருட்காட்)

தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மூட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளைகள் தெரியும். அடுக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக இடப்பட்டவை அவை. காற்று போகும் வழியால் ஈரமும் வரும். மழை நேரே விழாவிட்டாலும், பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வரும் இலையுதிர் காலத்தில் உறைக்குள்ளேயே நீர்த்துளி கோக்கும். வெயில் பட்ட பிளாஸ்டிக் நொறுங்கவும் தொடங்கும்.

ஊரில் அரிசி மூட்டையை எப்படி வைப்போமோ அப்படி வையுங்கள்: நிலத்தில் படாமல் பலகைமேல், சுவரில் சாயாமல் ஒரு சாண் தள்ளி, கூரைக்குள். கராஜ் இருந்தால் அங்கே. நிலக்கீழறை என்றால் உடுப்புத் துவைக்கும் இயந்திரம் இல்லாத மூலையில். குளிருக்குப் பயப்படவேண்டாம், உலர்ந்த பெல்லெட்டை உறைபனி ஒன்றும் செய்யாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்குத் தேவையான ஒரு மூட்டை போதும், அதையும் அடுப்பில் முட்டாமல் வையுங்கள்.

ஊதிப்போன மூட்டையைக் காயவைத்து எரிக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கூடாது. காய்ந்தாலும் அது பெல்லெட்டாகத் திரும்பாது. ஈரத்தோடு போட்டால், பெல்லெட்டைத் தீக்குத் தள்ளிக் கொண்டுபோகும் தள்ளுதிருகுக்குள் ஊதி இறுகிவிடும். ஒரு வீட்டில் திருகைக் கழற்றி, உள்ளே இறுகியதை உளியால் கொத்தித்தான் எடுக்கவேண்டியிருந்தது. பழுதான பெல்லெட் ரோஜாச் செடிக்கு அடியில் பரப்ப நல்லது.

கேள்வி: அடுக்குமாடிக் கட்டடமொன்றுக்குப் பராமரிப்பாளராக இருக்கிறேன். கீழே கொதிகலனுக்கான பெல்லெட்டைக் கொட்டிவைக்கும் அறை. எவ்வளவு மீதம் என்று பார்க்க உள்ளே இறங்குவது வழக்கம். ஒருவித காரமான மணம் அடிக்கும். வெளிச்சுவரில் உள்ள நிரப்பு குழாயின் மூடியில் துளைகள் இருந்தன. குளவி போகிறதென்று டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். இப்போது நிர்வாகம் ‘உள்ளே போகக்கூடாது’ என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. உலர்ந்த மரத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? (வாசகர், லுசேர்ன்)

தம்பி, இதை வாசித்ததும் முதல் வேலையாக வெளியே போய் அந்த டேப்பை உரித்தெடுங்கள். மற்றதைத் திரும்பி வந்து வாசிக்கலாம்.

அந்த அறையில் இருப்பது காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. தீ எரிந்தால்தான் அது வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெல்லெட்டுக்குத் தீ வேண்டியதில்லை. மரத்தில், அதிலும் பைன் மரத்தில், கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. மரத்தைத் தூளாக்கி அழுத்தியதும் அவை காற்றிலுள்ள ஒக்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றத்தில் காபன் மொனொக்சைட் வெளியேறுகிறது. கூடவே அறையிலுள்ள ஒக்சிசனும் குறைகிறது. புதிதாகச் செய்த பெல்லெட்டில் இது வேகமாக நடக்கும். ஆகவே லொறி வந்து நிரப்பிவிட்டுப் போன முதற் சில வாரங்கள்தான் மிக மோசமானவை.

உங்களுக்கு வரும் காரமான மணம் ஹெக்ஸனல் போன்ற வேறு பொருட்களின் மணம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மணம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இது ஏட்டுப் பயமும் அல்ல. 2010 ஜனவரியில் ஜேர்மனியில் பெரிய பெல்லெட் கிடங்கொன்றுக்குள் போன பொறியியலாளர் ஒருவர் இறந்தார். 2011 பெப்ரவரியில், நீங்கள் இருக்கும் அதே சுவிற்சர்லாந்தில், குடியிருப்புகளுக்கான பெல்லெட் அறைக்குள் போன 28 வயதுக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்தார். இருவரையும் கொன்றது இதே வாயுதான்.

மூடியில் உள்ள துளைகள் அறை மூச்சுவிடுவதற்காக இடப்பட்டவை. குளவி தொல்லை என்றால் பூட்டிய கம்பனியிடம் சொல்லுங்கள். காற்றுப் போக்கு உள்ள வேறு மூடி பூட்டித் தருவார்கள். துணி, நுரை, டேப் எதுவும் வேண்டாம்.

மீதம் பார்க்க இறங்கவே தேவையில்லை. பல அறைக் கதவுகளில் பார்வைக் கண்ணாடி இருக்கும். இல்லாவிட்டால் கதவை அகலத் திறந்து, வெளியே நின்று டோர்ச் அடித்துப் பாருங்கள். திறக்கும்போது உட்புறத்தில் பலகைகள் வரிசையாகச் செருகியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். பெல்லெட்டின் பாரம் கதவில் ஏறாமல் தடுப்பவை அவை. எதையாவது சரிசெய்ய உள்ளே போயே ஆகவேண்டுமென்றால் கொதிகலனை நிறுத்தி, கதவைத் திறந்து குறைந்தது 15 நிமிடம் காற்றோட விட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். அது சிறிய வீட்டு அறைக்கு. உங்கள் கட்டடத்தில் இருப்பதுபோன்ற பெரிய அறைக்குள் வாயு அளக்கும் கருவி இல்லாமல் காலே வைக்கக்கூடாது. அது பயிற்சி பெற்றவரின் வேலை. உள்ளே போனவர் சுருண்டு விழுந்தால் வெளியே நிற்பவர் பாய்ந்து உள்ளே போகக்கூடாது. 144 (அம்புலன்ஸ்), 118 (தீயணைப்பு) இலக்கங்களை அழைக்கவேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இப்படியான இடங்களில் வழக்கமாக நடப்பது.

கொதிகலன் இருக்கும் அறையிலும், பெல்லெட் அறைக் கதவுக்கு வெளியிலும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி மாட்டச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவை உணராது. அந்தப் பக்கம் அடிக்கடி போய்வந்தபின் தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல் என்று குடியிருப்பவர் எவராவது சொன்னால் வெயில், பசி என்று சமாதானம் சொல்லி அனுப்பாதீர்கள். அங்கே வெங்காயமோ பிள்ளைகளின் சைக்கிளோ வைக்க எவரையும் விடாதீர்கள். மின்விளக்கோ சுவிட்சோ மாட்டவும் வேண்டாம். பறக்கும் மரத்தூளுக்கு ஒரு பொறி போதும்.

லொறி வரும் நாளில் கொதிகலனை முன்கூட்டியே அணைக்கவேண்டும். எவ்வளவு நேரம் முன்பு என்று கையேட்டில் இருக்கும். ஒரு குழாயால் பெல்லெட்டை அறைக்குள் ஊதும்போது இன்னொரு குழாயால் காற்றை உறிஞ்சுவார்கள். அந்த இழுப்பில் எரியும் கொதிகலனிலிருந்து புகையும் தணலும் பின்னோக்கி வரக்கூடும். குழாய் 30 மீற்றருக்கு மேல் நீளாத இடமாகப் பார்த்து லொறியை நிறுத்தச் சொல்லுங்கள்; நீண்டால் பெல்லெட் உடைந்து தூளாகும். ஊதும் துவாரத்துக்கு எதிரே தொங்கும் இறப்பர்ப் பாய் கிழிந்திருக்கிறதா என்று ஓட்டுநரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்த வேலை.

கேள்வி: கணவர் தச்சுப் பட்டறையில் வேலை செய்கிறார். மரத்தூள் சாக்குச் சாக்காகச் சும்மா கிடைக்கும். ‘ஊரில் மரத்தூள் அடுப்பில் சமைத்தோமே, இதற்குப் போய்க் காசு கொடுக்கிறீர்களே’ என்று மாமி திட்டுகிறார். (வாசகி, டோர்ட்முண்ட்)

மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் எங்கள் வீட்டிலும் அந்த அடுப்புத்தான். தகர வாளியின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளைப் போட்டு உலக்கையால் இடித்து இறுக்கி, போத்தலை மெல்லத் திருகி உருவவேண்டும். அவசரப்பட்டால் நடுத்துளை இடிந்துவிடும், அப்புறம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சரியாக இறுக்கினால் ஒரு வாளி நெடுநேரம் நின்று எரியும். மாமியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் அடுப்பில் மரத்தூளைக் கொட்டாதீர்கள். திருகு இழுக்காது, இழுத்தாலும் தீ திருகு வழியே பின்னோக்கி ஏறலாம். பட்டறைத் தூளில் ஒட்டுப்பலகை, எம்டிஎப் (பசையால் அழுத்திய மரநார்ப் பலகை), பூச்சு எல்லாம் கலந்திருக்கும். அவற்றை வீட்டு அடுப்பில் எரிக்கச் சட்டமும் விடாது, நெஞ்சும் தாங்காது.

கேள்வி: எப்போது வாங்கினால் மலிவு? ஒரு இணையக் கடை மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்குத் தருகிறதாம். முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டவேண்டும். (வாசகர், ஹம்)

கட்டாதீர்கள். 2022இல் ஜேர்மனியில் பெல்லெட் விலை தொன்னுக்கு 700 யூரோவைத் தாண்டியபோது இப்படிப் போலிக் கடைகள் முளைத்தன. காசும் போனது, பெல்லெட்டும் வரவில்லை. சந்தை விலையைவிட மிக மலிவு, முன்பணம் மட்டும், தொலைபேசியில் ஆள் இல்லை என்றால் ஓடிவிடுங்கள். உங்கள் பகுதி வியாபாரியிடம் வாங்குங்கள். இறக்கியபின் லொறியின் தராசுச் சீட்டைப் பார்த்துக் காசு கொடுக்கலாம்.

வழக்கமாக வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது விலை இறங்கியிருக்கும். விலைப்பட்டியலில் உள்ள தொன் விலை பெரும்பாலும் 6 தொன் எடுப்பவருக்கானது. 2 தொன் எடுத்தால் கூடும். ஊதி இறக்கும் கூலியைத் தனியாகப் போடுகிறார்களா, விலையில் 7 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தெருவில் இன்னொருவரும் பெல்லெட் எரித்தால் ஒரே நாளில் ஒரே லொறியில் எடுங்கள்.

எண்ணெயிலிருந்து மாறியவர்களுக்கான கணக்கு: 2 கிலோ பெல்லெட் ஏறக்குறைய 1 லீற்றர் எண்ணெய்க்குச் சமம். வருடம் 2000 லீற்றர் எரித்தவருக்கு 4 தொன், அதற்கு 6 கன மீற்றருக்குச் சற்று மேல் இடம். சரிவான அடித்தளம், மேலே விடும் வெற்றிடம் எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும்.

கேள்வி: மீந்த மூட்டையைப் பூனையின் மலத்தட்டில் போடலாமா? (வாசகி, ஜெனோவா)

ஏ1 என்றால் போடலாம். பூனை விற்பனைப் பகுதியில் வாங்கிய மரத் துகளை மட்டும் அடுப்பில் போடாதீர்கள். அதில் தரச் சான்று எதுவும் இருக்காது.